ஐந்து ஈயக்குண்டு

மார்ச் 2

சூடைக்குட்டி, இன்றோடு இருபத்தோரு நாள். உனக்குச் சொல்ல வேண்டியதை எழுதி வைக்காமல் விட்டும் இருபத்தோரு நாள் ஆகிறது. இனியும் விட்டால் எல்லாம் மறந்து போகும் என்று நோட்டை எடுத்துவிட்டேன்.

நீ வாங்கித் தந்த அதே நோட்டுதான். கப்பலில் இருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவாய். எட்டு நிமிஷம்தான் லைன் கிடைக்கும். முதல் தடவை நான் எட்டு நிமிஷமும் "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று கேட்டே தீர்த்துவிட்டேன். "எம்மோவ், சொல்ல வேண்டியத ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டுப் பேசு" என்று நீதான் சொன்னாய். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத நேரம் பிடிக்கும். ஒரு வாரம் எழுதியதை எட்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவேன்.

சொல்ல வேண்டியது: கொல்லைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. நீ வந்துதான் வாஷர் மாற்ற வேண்டும் என்று உன் அப்பா கீழே வாளியை வைத்துவிட்டார். நண்டு கம்பெனியில் என்னைப் பெரிய நண்டு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை, கடலுக்குப் போகவில்லை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சாயங்காலம் போன் வந்தது. "மரிய டெல்வின் வீடுங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். "ஆமா. ஆனா அவன் இங்க இல்ல, கப்பல்ல இருக்கான், அங்க கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மறுபடியும் கூப்பிட்டார். அதை அப்பாதான் எடுத்தார்.

ஐந்து நாள் கடலில் தேடினார்களாம். கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 3

நண்டு வரத்து இல்லை. பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்து என்ன செய்ய?

மார்ச் 5, ஞாயிறு

நாலு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமி வந்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சலேத்தம்மா, நாப்பத்தொண்ணாம் நாள் பூசையோட உடுப்பு அடக்கத்தையும் வச்சிருவோமா?" என்றார் சாமி.

உனக்குத் தெரியும், நம் தெருவில் இது உண்டு. கடல் திருப்பித் தராத ஆளுக்கு அவன் உடுத்திக் கழற்றிய உடுப்பைப் பெட்டியில் வைத்துப் புதைப்பார்கள். துவைத்ததை வைக்கக் கூடாது. வேர்வை வாசம் போகாமல் இருக்க வேண்டும். சோப்புப் பட்டுவிட்டால் அது யாருடைய துணியோ என்பார்கள்.

"ஒடம்பு இல்லாம எதச் சாமி பொதைக்கச் சொல்லுதிய?" என்று கேட்டேன்.

"போயி ஒரு மெழுகுதிரி கொளுத்த ஒங்களுக்கு ஒரு இடம் வேணும்லாம்மா."

"அவன் வந்துட்டா?"

சாமி அப்பாவைப் பார்த்தார். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "இருபத்தி நாலு நாளாவுது ஏளா" என்றார். எனக்குத் தெரியாதது மாதிரி.

"வீட்டுல இருக்க அவன் உடுப்பு எல்லாம் துவச்சது" என்றேன். உண்மைதானே. நீ கப்பலுக்குப் போன அன்றைக்கே எல்லாவற்றையும் அலசிப் போட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் செய்கிற மாதிரி. இந்தத் தடவை ஏன் அப்படிச் செய்தேன்? ஒரு பனியனையாவது மறந்திருக்கக் கூடாதா?

"கப்பல் இந்த வாரம் கரைக்கு வருதாம். அவன் பை வரும், அதுல இருக்கும்" என்றார் அப்பா.

பை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை அதுவரைக்கும்.

மார்ச் 8

சொல்ல வேண்டியது: இன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

மேஜையில் எட்டுப் பேர் உட்கார்ந்து அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த ஒரு பெண், உன் விஷயம் தெரியாதவள், "ஒங்க மவன் எந்தக் கடல்ல வேலை பாக்காவ?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் நண்டு மேல் குனிந்துகொண்டார்கள். சரி, நாம்தானே சொல்ல வேண்டும் என்று நீ சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"மொரீசியஸ் தீவுக்குத் தெக்க. அடித்தரைக்கு ஆயிரத்தி அறுநூறு பாகம் ஆழம். சூரியன் எட்டாது, எந்நேரமும் இருட்டு. தரையில புத்து மாதிரி கல்லு வளந்து நிக்கும். அது வாயில இருந்து கொதிக்கக் கொதிக்கக் கருப்பாத் தண்ணி வரும், பொகை மாதிரி. அதச் சுத்தித்தான் றாலும் அங்க இருக்க மத்த உசுரெல்லாம். கேமரா வச்ச ஒரு மிஷின கீழ விட்டுப் படம் எடுப்பாவ. அத எறக்கி ஏத்துற வேலை எம் மவனுக்கு."

"தண்ணிக்குள்ள பொகையா? சலேத்து, ஒம் மவன் நல்லா விட்டுருக்கான்ட்டி கதை" என்றாள் பாக்கியசீலி. உனக்கு அவளைத் தெரியும், வாய் சும்மா இருக்காது.

"அந்தக் கொதியில றாலு வெந்துராதா?" என்றாள் புதுப் பெண்.

"ஓரத்துல ஒண்டிக்கிட்டு நிக்குமாம், உள்ள போவாதாம். கண்ணு கெடையாது. முதுகுல ஒரு தடம் இருக்காம், அத வச்சு அந்தச் சூட்டு வாய் எங்க இருக்குன்னு அறியுமாம்."

"கண்ணில்லாத றால எந்தக் கம்பெனிக்காரன் எடுப்பான்? ஆனா ஒரு வசதி, தலையக் கிள்ளும்போது நம்ம மூஞ்சியப் பாக்காது" என்றாள் பாக்கியசீலி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன் போல, சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கழுவுகிற இடத்துக்குப் போய்க் கையுறையைக் கழற்றாமலே முகத்தைக் கழுவினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டை ஓரம் பிரிந்து கிடந்ததைத் தைக்க உட்கார்ந்தேன். பாதியிலேயே ஊசியைக் குத்தி எடுத்து வைத்துவிட்டேன். சட்டை ஓரம் தைப்பது எனக்கு இப்போது முடியவில்லை. இது உன்னிடம் சொல்ல வேண்டியதில் சேராது.

மார்ச் 11

பை வந்துவிட்டது. கில்டன் கொண்டு வந்தான். உன்னோடு கப்பலில் வேலை பார்த்தவன், நீ கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறேன் என்று கேலி செய்வாயே, அந்த கில்டன். மெலிந்து போயிருக்கிறான். அவனோடு ஒரு மேடம் வந்திருந்தார், தமயந்தி மேடம். அந்தப் பயணத்துக்கே தலைமையாக இருந்த கடலாராய்ச்சி டாக்டராம். சென்னையில் இருந்து வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

பையை மாதா படத்துக்குக் கீழே வைத்தான் கில்டன். பச்சைப் பை, ஜிப்பில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை.

மேடம் பையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். என் வாயில் இருந்து வேறு ஒன்று வந்தது.

"அந்த மிஷின்ல கேமரா உண்டுல்லா மேடம்?"

"உண்டும்மா."

"எம் மவன் விழுந்த பெறவு அது கீழ போச்சா?"

மேடம் கில்டனைப் பார்த்தார். "பதினஞ்சாம் தேதி ஒரு தடவை போச்சும்மா. அடியில ஒரு கருவிய வச்சிருந்தோம், அத எடுக்கணும். அதே இடம்தான்."

"அந்தப் படத்தக் காட்டுங்க."

"அம்மா, அதுல ஒண்ணும்..."

"காட்டுங்க மேடம்."

லேப்டாப்பைத் திறந்தார். அப்பாவும் வந்து பின்னால் நின்றார். முதலில் நீலம். அப்புறம் கருநீலம். அப்புறம் மிஷினின் லைட்டு வெளிச்சம் மட்டும். அதற்குள் வெள்ளை வெள்ளையாகத் தூள் விழுந்துகொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

"இது என்ன மேடம், மழைத் தூத்தல் மாதிரி?"

"கடல் பனின்னு சொல்லுவோம்மா. மேல இருக்கிற..." என்று நிறுத்திவிட்டார்.

"மேல இருக்கிற?"

"மேல செத்துப்போற சின்னச் சின்ன உயிருங்க, அதோட கழிவு. தூளாகிக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கும். கீழ வந்து சேர வாரக்கணக்குல ஆகும்மா. வாரக்கணக்குல."

வாரம் என்பதை இரண்டு தடவை சொன்னார். ஒன்பதாம் தேதியில் இருந்து பதினைந்து வரை விரல் விட்டு எண்ணினேன். ஆறு நாள். இருந்தாலும் ஒரு தூள் மேல் விரலை வைத்தேன். அது விரலுக்கு அடியில் நழுவிக் கீழே போய்விட்டது. அப்பா வெளியே போய்விட்டார்.

அப்புறம் அந்தப் புற்று வந்தது. நீ சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை மக்கா. கருப்புத் தண்ணீர் பொங்கிக்கொண்டே இருந்தது. அதன் ஓரமெல்லாம் றால், ஒன்றின் மேல் ஒன்று, கொட்டி வைத்த மாதிரி, நகர்ந்துகொண்டே இருந்தது. நான் றாலைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரங்களைத்தான் பார்த்தேன். துணி மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று.

ஒரு மணி நேரம் இருக்கும். கல் இடுக்கில் வெள்ளையாக ஐந்து விரல் தெரிந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். மேடம் நிறுத்தினார். பெரிதாக்கிக் காட்டினார்.

"நண்டும்மா. அங்க இருக்கிற நண்டு வெள்ளையாதான் இருக்கும்."

ஒரு நாளைக்கு நானூறு நண்டு உடைக்கிறவள் நான். நண்டை உன் கை என்று நினைத்துவிட்டேன்.

முடிகிறவரைக்கும் பார்த்தேன். மேடம் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. கடைசியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த கப்பை எடுத்துக் காட்டினேன். போன பயணத்தில் நீ மிஷினில் கட்டிக் கீழே அனுப்பி எடுத்து வந்தாயே, தெர்மாக்கோல் டீக் கப்பு, கீழே போய் வந்ததும் தையல்காரி விரலில் மாட்டுகிற தொப்பி அளவுக்குச் சுருங்கி, நீ எழுதிய 'அம்மா' எறும்பு மாதிரி ஆகிப் போய்...

"கப்பு இப்பிடி ஆயிட்டே மேடம். அப்ப மனுசன்?"

மேடம் அந்தக் கப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். "கப்புக்குள்ள காத்து இருக்கும்மா, அதனாலதான் சுருங்குது. நம்ம உடம்புல பெரும்பாலும் தண்ணிதான். உடம்பு அப்படி ஆகாது."

"அப்பம் அவன் அவனாட்டம்தான் இருப்பான்."

"ஆமாம்மா" என்றார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

படத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். போன் நம்பரும் கொடுத்தார், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று.

பை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 12, ஞாயிறு

நாலு மணிக்குப் போன் அடித்தது. சிலிண்டர்க்காரன்.

மார்ச் 14

உன் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை.

"நீ தொறக்கியா, நான் தொறக்கட்டுமா?" என்றார்.

"கெடக்கட்டும்."

"நாள் நெருங்குது. சாமிக்கு என்ன பதில் சொல்ல? அதுக்குள்ள என்னளா இருக்கு, பேயா?"

"கெடக்கட்டும்ங்கேன்லா!"

அவர் பை மேல் கை வைத்தார். நான் பை மேலேயே விழுந்துவிட்டேன். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. "ஒனக்கு மட்டும்தான் மவனா?" என்று கேட்டுவிட்டு நொண்டிக்கொண்டே கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

இனி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. நீ அறிந்ததுதான். ஆனால் நான் இதை இப்போது வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

முதன்முதலாகக் கடலுக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் வலையில் இருந்து ஒரு ஈயக்குண்டைக் கழற்றி அரைஞாணில் கட்டி அனுப்புவது நம் பழக்கம். கடல் அவனை நம் ஆள் என்று அறிந்துகொள்ளும் என்பார்கள். நீ கப்பலில் அரைஞாண் எல்லாம் கட்ட மாட்டேன் என்றாய். அதனால் உன் நீலச் சட்டையின் ஓரத்தைப் பிரித்து, உள்ளே குண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஒன்று போதும். எல்லாரும் ஒன்றுதான் கொடுப்பார்கள். நான்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று ஒன்றாகச் சேர்த்தேன். நீ பத்திரமாகத் திரும்பி வந்தாய், குண்டுதான் கொண்டு வந்தது என்று நினைத்தேன். ஜனவரியில் வைத்ததோடு ஐந்து.

முதல் குண்டைத் தைக்கும்போது உன் அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏளா கிறுக்கி, ஈயம் தாழ்றதுக்குள்ளது. பிள்ள மெதக்கணும்னா வலையில இருந்து மெதப்பக் கழத்திக் குடு" என்றார். நீயும் சிரித்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் வைத்து உன் கையைப் பிடித்துச் சொன்னேன்: "அவிய கெடக்காவ. இந்தச் சட்டை ஒம் மேல கெடந்தாப் போதும் மக்கா, ஒண்ணும் ஒன்ன அண்டாது. மத்ததெல்லாம் சும்மா." ஐந்து தடவையும் இதையே சொல்லித்தான் அனுப்பினேன்.

அந்தச் சட்டை பைக்குள் இருந்தால் நீ விழும்போது அதைப் போட்டிருக்கவில்லை. இல்லை என்றால் போட்டிருந்தாய்.

பை மூடியே கிடக்கட்டும்.

மார்ச் 15

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் ஐஸ் பெட்டி அடுக்குகிற இடத்துக்குப் போய் மேடத்துக்குப் போன் செய்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "மேடம், சட்டை ஓரத்துல அஞ்சு ஈயக்குண்டு இருந்தா ஒரு ஆளு தாழ்ந்துருவானா?" என்று நேரே கேட்டுவிட்டேன்.

"எவ்வளவு பெரிய குண்டும்மா?" என்றார்.

"புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெருசு."

"அஞ்சும் சேந்து ஒரு சோப்புக் கட்டி எடைதாம்மா இருக்கும். அது ஒரு ஆளை இழுக்காது. அன்னிக்கு அலை பெருசு, நீரோட்டம் வேகம், கப்பல் திரும்ப நேரம் ஆச்சு. நல்லா கேளுங்க, நீங்க காரணம் இல்லம்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன், சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர். கடலை அளக்கிறவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் சூடை வாங்கிப் பொரித்தேன். அப்பாவுக்கு வைத்துவிட்டு நானும் நாலு மீன் தின்றேன். அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ஏளா?" என்றார். "ஒண்ணுமில்ல, ஒரு சோப்புக் கட்டிதானாம்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்கு மேல் நானும் சொல்லவில்லை.

மார்ச் 17

பையைத் திறந்தேன். அப்பா கோவிலுக்குப் போன நேரம்.

உன் வாசனை வரும் என்று முகத்தைக் கொண்டுபோனேன். கூமுட்டை நாற்றம் அடித்தது. நீ சொல்லியிருக்கிறாய், அந்தப் புற்றுக் கல்லை மேலே கொண்டு வந்தால் கப்பல் முழுக்கக் கூமுட்டை வாசம்தான், சோற்றில்கூட அடிக்கும் என்று. எல்லாத் துணியிலும் அதுதான். ஒவ்வொன்றாக எடுத்து அக்குள் பக்கம் மோந்து பார்த்தேன். கடைசியில் ஒரு பனியனில் மட்டும் கொஞ்சம் நீ இருந்தாய். அதை உடனே பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிட்டேன்.

இருந்தது: பேன்ட் மூன்று, துண்டு இரண்டு, ஜெபமாலை, ஷேவ் செய்கிற சாமான், நான் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் அரைப் பாட்டில். ஒரு தெர்மாக்கோல் கப்பு. முழுசாக, டீ குடிக்கிற அளவிலேயே இருந்தது. கீழே அனுப்ப எழுதி வைத்து, அனுப்பாமல் போனது. நீலப் பேனாவில் பெரிது பெரிதாக 'சலேத்து டீக்கடை' என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் ஆவி பறக்கிற கிளாஸ் ஒன்று.

நீலச் சட்டை இல்லை. மூன்று தடவை பையைக் கவிழ்த்தேன்.

பரவாயில்லை. ஒரு சோப்புக் கட்டி.

மார்ச் 18

கில்டன் வந்தான். வாஷர் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். "டெல்வின் சொல்லிக்கிட்டே இருப்பான் மாமி, ஊருக்குப் போனதும் மொத வேலை குழாதான்னு" என்று கொல்லைக்குப் போய் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தான். நான் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"அன்னைக்கு அவன் நீலச் சட்டைதானய்யா போட்டிருந்தான்?"

"ஆமா மாமி. மிஷின் ஏத்துற அன்னைக்கு அதத்தான் போடுவான். எப்பேர்ப்பட்ட காத்துலயும் அது ஓரம் பறக்காது பாத்துக்கிடுங்க. 'ஏல, ஒஞ்சட்டைக்கு நங்கூரம் போட்டுருக்கா'ன்னு நாங்க அவன ஒரு வழி ஆக்கிருவோம்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் அவனாகவே பேசினான், ஸ்பானரைத் திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம் மாமி. மிஷின் சொன்ன நேரத்துக்கு முன்ன மேல வந்துட்டு. தட்டப் போட்டுட்டு ஓடுதோம். மெதக்குற ஜாக்கெட்டு வாசப்பக்கம் ஆணியிலயே தொங்கும், மாட்டாம யாரும் மிஷின் ஏத்துற ஓரத்துக்குப் போவக் கூடாது. நான் மாட்டிக்கிட்டு நிக்கேன். அவன் எனக்கு முன்னால போறான். 'ஏல, ஜாக்கெட்டு'ன்னேன். திரும்பி சட்டை ஓரத்த இப்பிடித் தட்டிக் காட்டுதான் மாமி. 'எங்கம்மா தச்சது கெடக்குல்லா, மத்ததெல்லாம் சும்மா'ன்னான். சிரிச்சுக்கிட்டே போனான்."

தண்ணீர் சொட்டுவது நின்றுவிட்டது. கில்டன் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான்.

"அவன் பயப்படல மாமி. அதத்தான் ஒங்கள்ட்ட சொல்லணும்னு இருந்தேன். கடைசிப் பேச்சும் ஒங்களப் பத்தித்தான்."

என்னைத் தேற்றத்தான் சொன்னான். நல்ல பிள்ளை. நிமிர்ந்து பார்த்தவன் "மாமி? மாமி, என்ன செய்யிது?" என்றான்.

"கொழா நின்னுட்டு" என்றேன்.

மார்ச் 19, ஞாயிறு

சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுத வரவில்லை.

மார்ச் 20

மேடம் போன் செய்தார், நாளைக்குப் பூசைக்கு வர முடியாது, கூட்டம் இருக்கிறது என்று. நான் கில்டன் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அதை அளக்க அவரிடம் என்ன இருக்கிறது?

வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் அந்த றாலைப் பற்றிக் கேட்டேன், பிறக்கும்போதே கண் இருக்காதா என்று. குஞ்சில் இருக்குமாம். மேலே எங்கேயோ நீந்தித் திரிகிற காலத்தில் கண் இருக்குமாம். கீழே இறங்கி அந்தச் சூட்டு வாய்க்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண் போகுமாம். சில றாலுக்கு உடம்பில் வெந்த தழும்பு இருக்குமாம், ரொம்பப் பக்கத்தில் போய்விடுவதால். "சோறு அங்கதானே இருக்கும்மா" என்றார் மேடம்.

மார்ச் 21

நாற்பத்தொன்றாம் நாள்.

பெட்டி சின்னதாகச் செய்யலாம் என்று ஆசாரி கேட்டாராம். உன் உயரத்துக்கே வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பனியனைக் கவரில் இருந்து எடுத்து நான்தான் வைத்தேன். ஒரு தடவை மோந்து பார்த்தேன். கூமுட்டைதான் அடித்தது. அந்தக் கொஞ்சமும் போய்விட்டது.

மூடப் போகும்போது அப்பா "பொறுங்க" என்றார். வேட்டி மடிப்பில் இருந்து ஒன்றை எடுத்தார். வலை மிதப்பு. பழைய வலையில் இருந்து கழற்றியது, கயிறு அறுத்த பிசிர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பனியன் மேல் வைத்தார்.

"எதுக்கு?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சும்மா கெடக்கட்டும்ளா" என்றார்.

கில்டன் அவரிடம் சொன்னானா, இல்லை, அன்றைக்குத் தாமே செய்த கேலி நினைவுக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். கேட்டால் நானும் சொல்ல வேண்டி வரும்.

நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஆள் இருக்கிற பெட்டி மாதிரி தம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். பெட்டி சட்டென்று மேலே வந்துவிட்டது. ஒருத்தன் தடுமாறி, "வெயிட்டே இல்லல" என்று மற்றவனிடம் முணுமுணுத்தான். பாக்கியசீலி என் காதைப் பொத்தினாள். அதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

மண் போட்டார்கள். மெழுகுதிரி கொளுத்த இடம் கிடைத்துவிட்டது. காற்றில் நிற்கவில்லை, இரண்டு தடவை அணைந்தது.

மார்ச் 23

கம்பெனிக்குப் போனேன். நண்டு நல்ல வரத்து.

மார்ச் 24

உன் அப்பா அந்தப் படத்தை என் போனில் பார்க்கிறார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, மத்தியானம், சத்தம் வைக்காமல். புற்று வருகிற இடத்தில் இல்லை. அதற்கு முன்னால், தூள் விழுகிற இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறார். நாற்பது பாகத்துக்குக் கீழே வலை விடாத மனுஷன்.

மார்ச் 26, ஞாயிறு

நாலு மணி. அப்பா கடலுக்குப் போய்விட்டார், நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு. குழாய் சொட்டவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உன் பெரிய கப்பும் சின்னக் கப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இன்றைக்கு நோட்டில் வேறு எதுவும் எழுதி வைக்கவில்லை. எட்டு நிமிஷம் வேண்டாம் சூடைக்குட்டி, ஒரு நிமிஷம் போதும். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன்.

சட்டை ஓரத்தைத் தட்டிச் சிரித்தாயாமே, 'மத்ததெல்லாம் சும்மா' என்று சொன்னாயாமே. அம்மாவைக் கேலி செய்துதான் சொன்னாயா மக்கா, இல்லை, நான் சொன்னதை நம்பிவிட்டாயா?